'பே' என்றால் பேய் இல்லை

'அசன்பேயுடைய கதை' என்ற தலைப்பை முதல் தடவை பார்த்தப்போ ஏதோ பேய்க்கதைன்னுதான் நினைச்சேன். சிரிக்காதீங்க.

'பே' என்பது ஒட்டோமான் ஆட்சியில் வழங்கிய பட்டம், 'பாஷா'வுக்குக் கீழே. மிர்சா பேக் என்பதில் வரும் 'பேக்'கும் இதே சொல்தான். பேருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருந்ததை இத்தனை நாள் கவனிக்கவே இல்ல.

கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட இந்தக் கதையைத்தான் இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்கிறார்கள். நடப்பதெல்லாம் எகிப்து, பம்பாய்ப் பக்கம். அதனால் இது நம்ம மண்ணின் நாவலா என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே சரியாப் படல.

1882இல் பிரித்தானியப் படை எகிப்தைப் பிடித்தது. அதே வருஷம்தான் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். பிரித்தானியரை எதிர்த்து நின்ற அறாபி பாஷாவும் அவரோடு ஆறு பேரும் 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தி வரப்பட்டார்கள். அப்போ 1885இல் நாவலைக் கையில் எடுத்த வாசகருக்கு 'பாஷா' எங்கேயோ இருக்கிற சொல்லா? இந்தத் தீவில் கைதியா இருந்த மனுஷரோட பட்டம் அது. அவங்களுக்கு செய்தியா தெரிஞ்ச சொல்லைத்தான் நான் அகராதியில தேடிக்கிட்டு இருந்தேன்.

1892இல் அறாபி கண்டிக்கே குடிவந்தார். 1901 வரை இருந்தார். அவர் வாழ்ந்த வீடு ஹல்லொலுவ வீதியில், அவர் பேரிலேயே ஒரு நிலையமா இருக்கு.