மெட்ராஸ் யுனைடெட் கிளப்

சென்னையில் இந்தியர்கள் தமக்கென நடத்திய கிரிக்கெட் கிளப்களில் முன்னோடி. 1888இல் புச்சி பாபு நாயுடு (1868–1908) தொடங்கினார். இன்றைய சென்னை லீக்கின் வேர் இங்கே இருக்கிறது. ஆனாலும் இதன் தொடக்க ஆண்டுகளைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

வெள்ளையர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846லேயே உருவாகிவிட்டது. அதன் சேப்பாக்கம் மைதானத்தில் ஆட வரும் இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை. ஐரோப்பியர்கள் உள்ளே சாப்பிட, இவர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டும். மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் செல்வமாக வளர்ந்த புச்சி பாபுவால் இதைப் பொறுக்க முடியவில்லை. எஸ்பிளனேடு மைதானத்தில் தனி கிளப் அமைத்தார்; மட்டை, பந்து, கால்காப்பு எல்லாம் தன் செலவில் வாங்கிக் கொடுத்து இளைஞர்களைப் பழக்கினார்.

வெள்ளையர் அணியுடன் ஆண்டுதோறும் சமமாக மோத வேண்டும் என்பது அவர் கனவு. பேச்சு முடிந்து, 1908 இறுதியில் ஆட்டத்துக்கு ஏற்பாடான வேளையில் இறந்துபோனார். பிரசிடென்சி மேட்ச் என்ற அந்த ஆட்டம் 1952 வரை நீடித்தது. பொங்கலை ஒட்டி நடந்ததால் மக்களுக்கு அது பொங்கல் மேட்ச். அவர் மகன்களில் சி. ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸும், 1936இல் நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்டும் ஆடினார். அதில் எடுத்தது 40, 60.

ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டமும் சேப்பாக்கத்தில்தான், 1934 நவம்பர் 4 அன்று. மைசூரை மெட்ராஸ் ஒரே நாளில் வென்றது, ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் வீழ்த்தினார். இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு ஸ்கோர்கார்டு கிடைக்கிறது. பிரசிடென்சி மேட்ச்சும் 1915–16 முதல் முதல்தர ஆட்டமாகக் கணக்கில் வருகிறது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், எழும்பூர் அணிகள் வார இறுதிகளில் ஆடிய ஆட்டங்களுக்கு அந்த வசதி இல்லை. தேடுபவர் பழைய ‘தி இந்து’ இதழ்களைப் புரட்ட வேண்டும். கிளப் ஸ்கோர் புத்தகம் எந்த வீட்டுப் பரணிலாவது இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். எஸ். முத்தையாவும் வி. ராம்நாராயணும் எழுதிய நூல்கள் இதற்கு நல்ல வாசல். ராமசாமியின் தன்வரலாறும் உதவும்.

லீக்கின் கீழ் டிவிஷன் ஆட்டத்துக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகிய டி. நடராஜன், சென்னைக்கு வந்து ஆடியது நான்காம் டிவிஷனில். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். அவரைப் போலச் சிற்றூர்களில் ஆடும் பையன்களுக்கும் மேலே போகும் வழி அந்த லீக்தான். அந்த வழியைப் போட்டவர்களின் ஸ்கோர் புத்தகங்களைச் செல்லரிக்குமுன் வாங்கி நூலகத்தில் சேர்ப்பது அவசர வேலை.