வேளை

சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில், சிலோன் ரோட்டில் செண்பக விநாயகரைக் கும்பிட்டு வந்த அம்மா ஒருவர், மகளுக்கு வரன் அமையாததைச் சொல்லிவிட்டு, “எல்லாம் சாமியோட டைமிங்” என்றார். தமிழில் டைமிங் என்றால் பேங்க் திறக்கும் நேரம், இல்லாவிட்டால் கவுண்டமணி. இரண்டும் பிள்ளையாருக்குச் சரிப்படாது. ‘வேளை வரணும்’ என்று சொல்லிப் பாருங்கள்: கேட்டது மறுக்கப்படவில்லை, இன்னும் கூடிவரவில்லை, அவ்வளவுதான். சொல்லின் வேர் வடமொழி ‘வேலா’. அதற்கு எல்லை, கடற்கரை, கடலேற்றம், காலம் என்று பல பொருள். கரையும் கடலும் தமிழில் ‘வேலை’யாக நின்றன, காலம் ‘வேளை’யானது. சோற்றுக்கும் மருந்துக்கும்கூட வேளை உண்டு. ‘நல்லவேளை’தான் விசேஷம், வேண்டிக்கொண்டது நடக்காமல் போனதற்குக்கூட, சில சமயம் பல வருஷம் கழித்து, அதைச் சொல்கிறோம். டைமிங்குக்குப் பதில் ‘காலம்’ போதாதா என்று கேட்கலாம். எனக்கு ஒப்பவில்லை. காலம் எல்லோருக்கும் பொது. பக்கத்திலேயே காலனும் நிற்கிறான். அந்த அம்மா கேட்டது தன் மகளுக்கு மட்டுமான ஒன்றை.