முகம் மறைத்த அறிவு

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இரு வகையினர். நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்துவோர் ஒரு வகையினர். அவை ஏன் நிகழ்ந்தன என ஆராய்வோர் மற்றொரு வகையினர். திரைநடிகை ஹெடி லமாரைப் பற்றி வில்லியம் ராய் எழுத, சில்வேன் டொராஞ்ஜ் வரைந்து, 2018இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த சித்திரக்கதை நூல் முதல் வகையைச் சார்ந்தது. ‘உலகின் பேரழகி’ என்பது அதன் தலைப்பின் பொருள். நூலின் குறை அத்தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

1914இல் வியன்னாவில் பிறந்த ஹெட்விக் கீஸ்லர், 1933இல் வெளிவந்த ‘எக்ஸ்டசி’ படத்தில் ஆடையின்றித் தோன்றியமையால் பெரும் பேச்சுக்கு ஆளானார். அவ்வாண்டே படைக்கல உற்பத்தியாளர் ஃபிரிட்ஸ் மாண்டலை மணந்து, 1937இல் அவரை விட்டு நீங்கினார். பின்னர் எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஹெடி லமார் என்னும் புதுப்பெயர் பெற்றார். ‘அல்ஜியர்ஸ்’ (1938), ‘சாம்சன் அண்ட் டிலைலா’ (1949) ஆகிய படங்கள் அவர் புகழை நிலைநாட்டின.

இப்புகழுக்கு நடுவே அவர் செய்த அரும்பணி வேறு. போர்க்காலத்தில் நீரடிக் கணையைச் செலுத்தும் வானொலிக் குறிப்பைப் பகைவர் குலைத்துவிடலாம். குறிப்பின் அதிர்வெண்ணை அனுப்புவோரும் ஏற்போரும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே இருப்பின் குலைக்க இயலாது. இக்கருத்துக்கு இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆண்டைல், தானியங்கிப் பியானோவின் துளையிட்ட தாட்சுருளைக் கொண்டு வழிகண்டார். பியானோவின் கட்டைகளைப் போன்று அதிர்வெண்களும் 88. 1942 ஆகஸ்டு 11ஆம் நாள் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. அதில் அவர் பெயர் ஹெடி கீஸ்லர் மார்க்கி என்றே உள்ளது. போர் முடியும் வரை அமெரிக்கக் கடற்படை இதனைப் பயன்படுத்தவில்லை.

அதிர்வெண் தாவும் முறையைச் சொல்லால் விளக்குவது கடினம்; சித்திரத்தால் விளக்குவது எளிது. அவ்வாய்ப்பைப் பெற்ற கலைவடிவமே அதனைப் போதிய அளவு பயன்கொள்ளாமல், கண்டுபிடிப்பைப் பல நிகழ்ச்சிகளுள் ஒன்றாகக் கடந்து செல்வது ஏமாற்றமளிக்கிறது. அவரை இளந்தலைமுறைக்கு அறிமுகம் செய்த நன்மை நூலுக்கு உண்டு. எனினும் அழகிய முகத்தைத் திரும்பத் திரும்ப வரைவதால் மட்டும் உள்ளம் புலப்பட்டுவிடாது.

1966இல் தன்வரலாறு என்னும் பெயரில் வெளிவந்த நூலைப் பொய்யெனக் கூறி அவர் வழக்குத் தொடுத்தார். தம் வாழ்க்கை பிறர் கையில் திரிவதை அன்றே அவர் எதிர்த்தார். 1997இல்தான் கண்டுபிடிப்புக்கான பாராட்டு அவரை எட்டியது, 2000இல் மறைந்தார். 2014இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றம் அவரை ஏற்றது. அவ்வறிவை முதன்மையாகக் கொண்டு எழுதப்படும் வரலாறே அவருக்குச் செய்யும் நீதியாகும்.