டிரெய்லர் இணைப்பு (ஜொகூர்)

இழுவை வண்டியோடு டிரெய்லரைப் பூட்டும் முறை. சுற்றுலாக் கேரவன்கள் அரிதான ஜொகூரில் இது பெரும்பாலும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர்களின் வேலை. 1977 முதல் இயங்கும் பாசீர் கூடாங் துறைமுகமும், 1999-இல் பணி தொடங்கிய தஞ்சோங் பெலப்பாஸும் இதன் முக்கியக் களங்கள். ஓட்டுநருக்கு ‘இ’ வகுப்பு உரிமத்துடன் சரக்கு வாகன உரிமமான ஜி.டி.எல்.லும் வேண்டும்.

டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங்பின், பொதுவாக 50.8 மி.மீ. தடிமனான எஃகு முளை. அதைக் கவ்வும் தட்டுக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டிக் காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது, மற்றபடி அது சக்கரமே அல்ல. இழுவை வண்டி பின்னால் வரும்போது தட்டு டிரெய்லரைச் சற்றே தூக்க வேண்டும். டிரெய்லர் உயரமாக நின்றால் முளை, தட்டின் கவ்வும் தாடைக்கு மேலே ஏறி அமரும். பூட்டியதுபோல் தோன்றும், முதல் வளைவிலேயே கழன்றுவிடலாம். ‘டக்’ என்ற சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே முன்னோக்கி மெதுவாக இழுத்துப் பார்த்து, இறங்கி, டார்ச் அடித்து, தாடை மூடியதையும் தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடைவெளி இல்லாததையும் கண்ணால் காண வேண்டும். பிறகுதான் காற்றுக் குழாய்கள், மின்கம்பி. கடைசியில் டிரெய்லரைத் தாங்கி நின்ற முன்கால்களை உயர்த்துவது.