கண்டற் பட்டையும் வெள்ளித் துணிக்கையும்

புத்தளக் கரையோரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், 1344 இல் இபுன் பதூதா வந்திறங்கியதையும், 1667 இல் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கியதையும், உப்பளங்களையும் விரிவாகக் கூறுவர். அக்கரையில் வலை உலர்த்திய மக்கள் தம் நூலைக் கிருமியிடமிருந்து எவ்வாறு காத்தனர் என்பதற்கு ஒரு பந்தியும் ஒதுக்குவதில்லை. நனோ துணிக்கைகளைக் கொண்டு பற்றீரியா எதிர்ப்புத் துணி ஆக்கப்படும் இக்காலத்தில் அவ்வினாவை எழுப்புதல் பொருத்தமாகும்.

பருத்தி நூல் பெரும்பாலும் செல்லுலோசினாலானது. ஈரநூலிற் பற்றீரியாவும் பூஞ்சணமும் குடியேறி, தாம் சுரக்கும் நொதியத்தால் அதனை அரித்துண்ணும். உடப்பு முதலிய ஊர்களின் கரைவலையை எடுத்துக்கொள்வோம். அதன் நீண்ட கைகள் தும்புக் கயிற்றாலானவை. தும்பில் இலிக்னின் மிகுதியாதலால் அவை எளிதில் உக்குவதில்லை. மீன் வந்து சேரும் மடியோ மெல்லிய நூலாலானது. முதலில் உக்குவதும் அதுவே. மடி கிழிந்தால் அன்றைய பாடு முழுவதும் கடலுக்கே. ஆகவே களப்போரக் கண்டல் மரத்தின் பட்டையை நீரிற் கொதிக்கவைத்து, அச்செந்நிறச் சாற்றில் வலையையும் பாயையும் தோய்த்து மணலில் உலர்த்தினர். பனிச்சங்காய்ச் சாறும் இப்பணிக்கு உதவிற்று. பட்டையிலுள்ள தனின், நொதியங்களாகிய புரதங்களைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. கடல்நீர் கழுவக் கழுவ மீண்டும் தோய்க்க வேண்டியிருந்தது. இதனைச் சாயமிடுதல் என்று மட்டும் குறித்துச் செல்வது அத்தொழிலின் நுட்பத்தை மறைப்பதாகும்.

1950களின் பிற்பகுதியிலிருந்து நைலோன் வலை பரவ, பட்டை அவிக்கும் வேலை மறையலாயிற்று. 1980களில் இறாற் பண்ணைகள் பெருகியபோது கண்டற் காடுகளும் பெருமளவில் வெட்டுண்டன. பயன் மறந்துபோன மரத்திற்காக வாதாடுவோர் குறைவு என்றே எண்ணத் தோன்றுகிறது.

இன்றைய முறையில் 1 முதல் 100 நனோமீற்றர் வரையிலான வெள்ளி, செப்பு ஒட்சைட்டு, நாக ஒட்சைட்டுத் துணிக்கைகள் துணியிற் பதிக்கப்படுகின்றன. துணிக்கை சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்புப் பெருகும். வெளிப்படும் வெள்ளி அயன்கள் பற்றீரியாவின் கலமென்சவ்வைச் சிதைக்கும். பட்டைச்சாறு நூலைக் காத்தது. இதுவோ அணிபவரையும் கருதுகிறது. இத்துறைக்கென இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் 2008 இல் அமைக்கப்பட்டது. வியப்பு யாதெனில், வெள்ளி உப்பை வெள்ளித் துணிக்கையாக மாற்றவல்ல பொருள்களுள் தனினும் ஒன்று. 2011 இல் தமிழ்நாட்டு ஆய்வாளர் கண்டல் இலைச்சாற்றினாலேயே அத்துணிக்கையை ஆக்கி, நுளம்புக் குடம்பிகள் மீது சோதித்தனர்.

பழைய குறை புதியதிலும் உண்டு. 2008 இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெள்ளி சேர்த்த காலுறைகளை நீரிற் கழுவியபோது, சிலவற்றிலிருந்து ஏறத்தாழ முழு வெள்ளியும் வெளியேறக் கண்டனர். பட்டைச்சாறு களப்போர மரத்திலிருந்து வந்து களப்பிற்கே மீண்டது. வெள்ளியோ புறத்திலிருந்து வருவது. நீர்வாழ் நுண்ணுயிர்க்கும் நஞ்சாவது. கலாஓயாவும் மீஓயாவும் உள்நாட்டிலிருந்து சுமந்து வருவன சேருமிடம் புத்தளக் களப்பு. இத்துணி நாட்டிற் பரவுமாயின், எத்தனை சலவைக்கு வெள்ளி துணியில் நிற்கும் என்ற கணக்கைக் கேட்கும் உரிமை, வாங்குபவருக்கு முன்னரே அக்களப்பில் இறால் பிடிப்போருக்கு உண்டு.