தீயணைக்கத் தன்னார்வலர் தயார், செலவுக்கு யார்?

பங்குனி மாதம் நம் பின்பக்கச் சுவரை ஒட்டிய காலி மனையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய சேதம் இல்லை. இரண்டு பைக்குகளின் சீட் கருகியது, ஒரு வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட் போனது. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் நம்மைப் பற்றி நாம் தெரிந்துகொண்டது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பி பிளாக் தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்து ஹோஸை உருவினால், வால்வு துருப்பிடித்துத் திரும்பவே இல்லை. ஷிஃப்ட் பஸ்கள் வரிசை கட்டும் மாலை நேரம். ஒரகடம் சாலையைத் தாண்டித் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள், நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான்கு தம்பிகளும், செக்யூரிட்டி அண்ணனும், ஏ பிளாக் மாமி ஒருவரும் பக்கெட்டும் ஈரச் சாக்குமாக அணைத்துவிட்டார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இரண்டு கேள்விகள் வந்தன. நாமே ஒரு தன்னார்வத் தீயணைப்புக் குழு வைத்துக்கொண்டால் என்ன? அதற்கு அரசு மானியம் கிடைக்குமா? விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் விட்டார்கள். விசாரிக்கப் போனவன் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நம் தீயணைப்புத் துறை. சென்னை நகரத்தில் தீயணைப்புப் படை தொடங்கியது 1908ல். அதற்கு முன்பு கூரை வீடுகள் நிறைந்த ஊர்களில் நடந்தது என்ன என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். தெருவே குடத்தோடு ஓடிவரும். தீ தாவாமல் இருக்கப் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போடுவார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது நகரப் படைக்கு ஆறே வயது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942ல், தீயணைப்பை மாகாண அரசே எடுத்துக்கொண்டது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து நகரமே காலியாகிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஏ.ஆர்.பி. என்ற பெயரில் தெருத்தெருவாகத் தன்னார்வலர்களுக்கு மணல் வாளியும் விசிலும் கொடுத்தார்கள். போர் முடிந்தது, வாளிகள் போயின, துறை மட்டும் நிலைத்தது. 1985ல் அதற்கென்று தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் வந்தது. ஆக, நம் மாநிலத்தில் தீயணைப்பு என்பது சம்பளம் வாங்கும் அரசு ஊழியரின் வேலை.

அமெரிக்காவில் கதை வேறு. 1736ல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் தோல் வாளிகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இன்றும் அங்கே தீயணைப்பாளர்களில் பெரும்பான்மையோர் தன்னார்வலர்கள்தாம். விருந்து நடத்தி, டிக்கெட் விற்று வண்டிக்குப் பணம் சேர்ப்பார்கள். 2001 முதல் மத்திய அரசு நேரடி மானியம் தருகிறது. ஆனால் சும்மா தருவதில்லை. 20,000 பேருக்கு உட்பட்ட ஊர் என்றால் மானியத்தில் 5 சதவீதத்துக்குச் சமமான தொகையை ஊர் போட வேண்டும். அதைவிடப் பெரிய ஊர் என்றால் 10. பத்து லட்சத்தைத் தாண்டினால் 15.

இந்தப் 10 சதவீதத்தைப் படித்ததும் எனக்கு நம் ஏரி ஞாபகம் வந்தது. தீயைப் பற்றிப் பேசும்போது ஏரி எதற்கு என்று கேட்பீர்கள். ஊர் மக்களே செய்யும் ஆபத்துக்கால வேலைக்கு அரசு பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அங்கேதான் இருக்கிறது, அதுவும் நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்.

மணிமங்கலம் என்றால் நரசிம்மவர்மன் புலிகேசியைத் தோற்கடித்த போர்தான் எல்லோரும் சொல்வது. இந்த இதழிலேயே அது பலமுறை வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய செய்தி. ராஜகோபாலப் பெருமாள் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்த ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம். அப்படிப்பட்ட ஊர்களைச் சபை நிர்வகித்தது. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் தனி வாரியம் இருந்தது. பின்னாளில் வரத்துக்கால் தூர்வாருவது, கரைக்கு மண் போடுவது போன்ற வேலைகளை ஊரே செய்யும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர்.

1858ல் கம்பெனி அரசு இந்த வழக்கத்தைச் சட்டமாக்கியது. ஏரிக்கரை உடையும் நிலை வந்தால் அக்கம்பக்கத்தில் உள்ள உடல் வலுவுள்ள ஆண்கள் வேலைக்கு வர வேண்டும், மறுத்தால் தண்டனை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்லா ஆண்களும் என்று சட்டம் சொல்லவில்லை. உழைக்கும் வர்க்கத்து ஆண்கள் என்று சொன்னது. தண்ணீர் யார் நிலத்துக்கு, மண் சுமப்பவர் யார் என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. பழைய காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக வேலை செய்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படித்தால் நல்லது.

சட்டம் இருந்தும் வழக்கம் தேய்ந்தது. பொதுப்பணித் துறை ஏரிகளைக் கவனிக்கத் தொடங்கியதும், அது அரசாங்கத்து ஏரி என்று ஊர் விலகிக்கொண்டது. 2015 டிசம்பரில் வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியதை இங்கே பலர் நேரில் பார்த்தோம். நம் ஏரியின் உபரி நீரும் அடையாற்றுக்குத்தான் போகிறது.

2017 மார்ச் 13 அன்று, அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கி வைத்தார். தொடக்க விழா நடந்த இடம் நம் மணிமங்கலம் ஏரி. முதல் கட்டமாக 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். விவசாயிகள் சங்கங்களே வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். செலவில் 10 சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அவர்கள் தர வேண்டும். 2019-20ல் இது 1,829 பணிகள், ஏறத்தாழ 500 கோடி என்று வளர்ந்தது. தூர்ந்த கால்வாய்கள் பல இடங்களில் திறந்தன, அது நிஜம். சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர்களே வேலை செய்கிறார்கள் என்ற புகாரும் பல மாவட்டங்களில் எழுந்தது. ஊரின் 10 சதவீதம் வெறும் காகிதக் கணக்காக மாறினால், மானியம் வரும்வரை வேலை நடக்கும், நின்றதும் நிற்கும். என் அபிப்பிராயம் இது, மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.

சரி, நம் கேள்விக்கு வருகிறேன். குடியிருப்போர் சங்கம் குழாயும் பம்பும் வாங்க நேரடி மானியம் தரும் திட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. 2023ல் மத்திய அரசு அறிவித்த 5,000 கோடி ரூபாய்த் தீயணைப்பு நவீனமயத் திட்டம் மாநிலத் துறைகளுக்கானது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் 25 சதவீதம் தம் பங்காகப் போட வேண்டும். (பங்கு கேட்காத மானியம் எங்கேயும் இல்லை போலிருக்கிறது.) தனிமனிதர்களுக்கு நெருக்கமாக வருவது ஆப்த மித்ரா. 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பேரிடர் மீட்புப் பயிற்சி தர 369.41 கோடி ஒதுக்கினார்கள். பன்னிரண்டு நாள் பயிற்சி, ஒரு உபகரணப் பை, காப்பீடு. காப்பீடு என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பக்கெட்டோடு ஓடிய நம் தம்பிகளில் ஒருவருக்குக் கை வெந்திருந்தால் மருத்துவச் செலவு யார் தலையில் விழுந்திருக்கும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

செயற்குழுவிடம் நான் சொன்னது இதுதான். வால்வு, ஹோஸ், பம்பு பராமரிப்பை மானியத்துக்காகக் காத்திருக்காமல் நம் கார்ப்பஸ் நிதியிலிருந்து செய்ய வேண்டும். வருடம் ஒருமுறை ஒத்திகை நடத்தித் தரும்படி தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் கொடுக்கலாம். ஏப்ரல் 14 தொடங்கித் தீத்தொண்டு வாரம். 1944ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுக வெடிப்பில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிப்பது. அந்த வாரத்தில் கேட்டால் பொருத்தமாக இருக்கும். குழுவில் சேர்பவர்களுக்கு விபத்துக் காப்பீட்டு பிரீமியத்தைச் சங்கமே கட்ட வேண்டும். பொருளாளர் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று. பகலில் இங்கே இருப்பவர்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்களும், இல்லத்தரசிகளும், ஓய்வு பெற்றவர்களும்தான். குழு அவர்களைக் கொண்டுதான் அமைய வேண்டும். இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பெரியவர்களும், வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்தால் அது 1858 சட்டத்தின் வழிதான்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக அசோசியேஷன் அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இதுவரை பதினொரு பெயர்கள். முதல் பெயர் ஏ பிளாக் மாமியுடையது. பி பிளாக்கிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. சாவி மட்டும் கிடைத்துவிட்டது.