வேர் பிடித்த பின்னும் வெளுக்கும் இலை

கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பிசின் ஊறுவது பெண் பூவில். அதுவும் மகரந்தம் படாத வரைதான் மிகுதியாக ஊறும். விதை போட்டு வளர்த்தால் ஏறக்குறையப் பாதி ஆணாகப் போய்விடும். எது ஆண், எது பெண் என்பதும் பூக்கும் பருவம் வரும்வரை தெரியாது. 1970களில் வட கலிபோர்னியாவின் ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி மாவட்டங்களில் விதையில்லாப் பூவை விளைவித்தவர்களுக்கு இது தீராத தலைவலி. நல்ல பெண் செடி ஒன்று அமைந்தால் அதன் நுனிக்கிளைகளை வெட்டி வேர் பிடிக்கவைத்து, அதே செடியை நூறாகப் பெருக்கிக்கொள்வது இதற்கு அவர்கள் கைக்கொண்ட வழி. நம் ஊரில் முருங்கைப் போத்து நடுவதும் இதே வேலைதான். ஆனால் முருங்கைக் கட்டைக்குள் இருக்கும் சேமிப்பு விரல்நீளப் பசுந்தண்டுக்குக் கிடையாது. வேர் வரும்வரை அது தன் இலைகளைத் தின்றுதான் பிழைக்க வேண்டும்.

இந்தக் கைத்தொழிலை வீட்டுக்குள் தள்ளியது காவல் துறை. 1983ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஒழிப்பு நடவடிக்கையில் ஹெலிகாப்டர்கள் மலைச்சரிவுகளின்மேல் பறந்து தோட்டங்களைத் தேடின. பலர் விளக்கொளியில் வளர்க்கத் தொடங்கினார்கள். 1989ல் விளக்கும் உரநீர்க் கருவிகளும் விற்ற கடைகள்மேலும் மத்திய அரசின் சோதனை பாய்ந்தது. அறைக்குள் உயரமும் இடமும் குறைவு. எல்லாச் செடியும் ஒரே அளவில், ஒரே நாளில் பூக்க வேண்டும். அதற்கு இப்படிக் கிளை வெட்டிப் பெருக்கிய குளோன்களே தோதாயின. 1996 நவம்பரில் மருத்துவப் பயன்பாட்டுக்கு வாக்காளர்கள் அனுமதி தந்தபின், கடைகளில் பூவோடு சேர்த்துத் தட்டுத்தட்டாகக் குளோன்களும் விற்றன.

வாங்கிப்போனவர்களின் குறையும் கூடவே தொடங்கியது. வேர் வெள்ளையாக வந்திருக்கிறது, இலை மட்டும் தேறவில்லை. அடியிலை மஞ்சளாகிறது, அல்லது கொழுந்து வெளுக்கிறது, அல்லது இலை சிறுத்து முறுக்கிக்கொள்கிறது. மூன்றும் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள மனிதர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

முதல் துப்பு பிரான்சில் கிடைத்தது. 1843ல் யூசேப் கிரி என்பவர் சோகை பிடித்த இலைகளுக்கு இரும்பு உப்புக் கரைசல் கொடுத்துப் பார்த்தார். கரைசல் பட்ட இடம் பச்சையாயிற்று. இரும்பு இல்லாமல் பச்சையம் உண்டாகாது என்ற செய்தி அப்படித்தான் வெளியே வந்தது. 1860ஐ ஒட்டி ஜெர்மனியில் யூலியுஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நோப்பும் மண்ணே இல்லாமல் உப்புக்கரைசலில் செடி வளர்த்தார்கள். கரைசலில் ஒரு உப்பை நீக்கினால் இலையில் என்ன தெரிகிறது என்று பார்க்கும் வழி அதன் பிறகு திறந்தது. பெர்க்லியில் டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938ல் வெளியிட்ட சிறு கையேடு அந்த அறிவைத் தோட்டக்காரரின் கைக்குக் கொண்டுவந்தது. ஹோக்லண்ட் கரைசல் இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது.

இந்த வழியில் தெளிந்த ஒரு விதி குளோன் வளர்ப்பவருக்கு மிகவும் உதவுவது. தழைச்சத்து செடிக்குள் இடம் பெயரும். பற்றாக்குறை வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பப்படும். ஆகவே அடியிலை மஞ்சளாவது பசியின் அடையாளம். வேர் விடும் நாட்களில் ஓரளவுக்கு இது இயல்பு. வேர் வந்ததும் இளம் உரநீர் ஊற்றினால் புதுத்தளிர் பச்சையாகவே வரும். இரும்பு அப்படி எளிதில் நகராது. அது குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்க, கொழுந்திலை இடையிடையே வெளுக்கும். பெரும்பாலும் உரத்தில் இரும்பு இருந்தும் இந்தக் கோளாறு வருகிறது. வேர் ஊன்றப் பயன்படும் பாறைப்பஞ்சு காரத்தன்மை கொண்டது. அதை அமிலநீரில் ஊறவைக்காமல் நட்டால் இரும்பு வேரருகே இருந்தும் வேருக்கு எட்டாது. இங்கே மேலும் உரம் சேர்ப்பவர் நோயை முற்றவைக்கிறார்.

வெட்டிய கிளையில் வேரை வரவழைக்கத் தடவும் பொடியின் கதை வேறு. இலையில் உருவாகும் ஏதோ ஒரு பொருள் கீழிறங்கி வேரைத் தோற்றுவிக்கிறது என்று சாக்ஸ் 1880லேயே ஊகித்தார். அதைப் பிடித்துக்காட்டும் வழி யாருக்கும் தெரியவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தன் தந்தை தலைமை வகித்த ஆய்வகத்தில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர், ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகார்க் கட்டியில் வைத்து, நுனியிலிருந்து கசிந்த வளர்ச்சிப் பொருளை 1920களின் பிற்பாதியில் கட்டிக்குள் சேர்த்துக்காட்டினார். பிறகு ஜாவாவில் பணியாற்றியபோது, அகாலிபா இலைச்சாறு வெட்டுத்தண்டில் வேர் விடச் செய்வதை 1929ல் எழுதினார். நம் குப்பைமேனியும் அந்தப் பேரினம்தான். 1933ல் அவர் கலிபோர்னியாவின் பாசடீனாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே கென்னத் திமானும் ஜோசப் கெப்ஃப்ளியும் ஆய்வகத்தில் தயாரித்த இண்டோல் அசிட்டிக் அமிலமே வேரைத் தூண்டுவதை 1935ல் நிறுவினார்கள். அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் பாய்ஸ் தாம்சன் நிலையத்தில் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் அதைவிட நன்றாக வேலை செய்வது தெரிந்தது. சில ஆண்டுகளில் வேர்ப்பொடி டப்பாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று கஞ்சாக் கிளையின் வெட்டுவாயில் தடவப்படுவதும் பெரும்பாலும் இந்த இண்டோல் பியூட்டிரிக் அமிலம்தான்.

வேர்ப்பொடி வேரைத் தருகிறது. கிளை தந்த தாய்ச்செடியின் நோயை நீக்குவதில்லை. இதை உணர வேண்டிய நேரம் 2010களில் வந்தது.

கலிபோர்னியாவின் அறைகளில் சில குளோன்கள் வேர் பிடித்தும் வளர மறுத்தன. இலை சிறுத்தது, தண்டு தொட்டால் முறிந்தது, பக்கக்கிளைகள் படுத்தவாறு பரவின, பூவில் பிசின் குறைந்தது. வளர்ப்பவர்கள் உரத்தை மாற்றினார்கள், விளக்கை மாற்றினார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள். பலன் இல்லை. 2019ல் வெளியான ஆய்வுகள் காரணத்தைச் சொல்லின: ஹாப் மறை வைராய்டு. வெறும் 256 எழுத்துகள் கொண்ட வட்டவடிவ ஆர்.என்.ஏ; உறைப்புரதம்கூடக் கிடையாது. வைராய்டு என்ற இனத்தையே உருளைக்கிழங்கில் தியோடோர் டீனர் 1971ல்தான் இனங்கண்டார். பீருக்குக் கசப்பு தரும் ஹாப் கொடியில் இந்தக் குறிப்பிட்ட வைராய்டு 1980களின் இறுதியில் தெரியவந்தது. ஹாப்பும் கஞ்சாவும் ஒரே குடும்பம்.

இது பரவும் வழி நெஞ்சை உறுத்துவது. நோயுற்ற தாய்ச்செடியில் கிளை வெட்டிய அதே கத்தி அடுத்த தாய்ச்செடிக்குப் போகிறது. அங்கே தொற்று ஏறுகிறது. நோயுற்ற தாயோ பல மாதம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். செடியைப் பெருக்கும் கையே நோயையும் பெருக்கியது. கத்தியை ஆல்கஹாலால் துடைப்பது போதாது. குளோரின் ப்ளீச் கரைசலில் முக்கினால்தான் வைராய்டு சிதைகிறது. சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி விவசாயிக்கு இது புதுப் பாடமல்ல. தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது என்றாலும், அதை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்ப்பது நோயுற்ற தோட்டத்தில் வெட்டிய விதைக்கரணைதான் என்பதை அவர்கள் அறிவார்கள்.

மீளும் வழியை டாலியா மலரில் வெகுநாள் முன்பே கண்டிருந்தார்கள். 1952ல் பிரான்சின் ஜார்ஜ் மொரேலும் கிளோத் மார்ட்டினும் வைரஸ் தாக்கிய டாலியாவின் வளர்நுனியில் ஒரு துளியளவு திசுவை மட்டும் எடுத்து வளர்த்து நோயற்ற செடி பெற்றார்கள். நுனியின் அந்தச் சிறு பகுதிக்குள் தொற்று எளிதில் எட்டுவதில்லை. மருத்துவம் சாராத பயன்பாட்டுக்கும் 2018 ஜனவரி முதல் கஞ்சா சட்டப்படி விற்பனையாகும் கலிபோர்னியாவில், நர்சரிகள் இந்த வழியில் தாய்ச்செடிகளைச் சுத்தப்படுத்த முயல்கின்றன. வைராய்டைச் சுத்தமாக அகற்றுவது வைரஸை அகற்றுவதைவிடக் கடினம். ஒவ்வொரு தாய்ச்செடியையும் மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கிறது. இலையில் வைராய்டு ஒரே சீராக இருப்பதில்லை, சில இலைகளில் பிடிபடாமலும் போய்விடும். ஆகவே சோதனைக்கூடத்துக்கு வேரையும் கிள்ளி அனுப்பும் வழக்கம் பரவியிருக்கிறது.